18-ஆம் எண் பை

என் தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோகிற அளவுக்குச் சண்டை வந்தது இரண்டே முறை. முதல் முறை, அப்பா கட்டிய வீட்டை விற்றபோது. இரண்டாவது முறை, நாங்கள் இருவருமே நேரில் பார்த்திராத, இனியும் பார்க்கப்போகாத ஒரு ஸ்பெயின் நாட்டு சைக்கிள் வீரருக்காக.

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை. இத்தாலியில் பெர்கமோவில் கிளம்பி கோமோ ஏரிக்கரையில் முடிகிற லொம்பார்தியா பந்தயம். தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். அன்றோடு இரண்டு பெரிய வீரர்கள் ஓய்வு பெறுகிறார்கள். ஒருவர் இத்தாலியின் நிபாலி. இன்னொருவர் அலெஹாந்த்ரோ வால்வெர்தே, வயது 42. போகாச்சர் வென்றார். வால்வெர்தேவின் அணியைச் சேர்ந்த என்ரிக் மாஸ் இரண்டாவதாக வந்தார். வால்வெர்தே ஆறாவது. இந்தப் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாம் இடம் வாங்கியவர்; ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கடைசி நாளில், மகன் வயதுப் பையன்களும் மூச்சிரைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில், ஆறாவது.

தம்பி அழுதான். மின்வாரியத்தில் கம்பம் ஏறிக் காய்த்துப்போன கை, ஐம்பதைத் தாண்டிய ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இனி இப்படி ஒருவன் வரமாட்டான்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "போகிற போக்கில் அந்த 18-ஆம் எண் பைக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அவனுக்காகப் பிழிந்த இடியாப்பத்தை மறுநாள் காலையில் நானே உதிர்த்துத் தாளித்துச் சாப்பிட்டேன்.

ஒரு பையின் மேல் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். 29 வருடமாகிறது. வருகிற மே மாதம் ஓய்வு. பை என்றால் எனக்கு அதுதான் பை.

எங்கள் பையில் இரத்தம் கொடுத்தவரின் பெயர் இருக்காது. எண் இருக்கும். இரத்த வகை, எடுத்த தேதி, காலாவதித் தேதி, எத்தனை மில்லி, எந்தெந்தப் பரிசோதனை முடிந்தது, எல்லாம் இருக்கும். பையிலிருந்து வால் போலத் தொங்கும் குழாயில், ஒரு விரல் இடைவெளிக்கு ஒருமுறை ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். கிராஸ் மேட்ச், அதாவது நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக, அந்தக் குழாயில் ஒரு துண்டை வெட்டினால், துண்டு மேசையில் எங்கே உருண்டு கிடந்தாலும் எந்தப் பைக்குச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மா சொன்னது: "இரத்தத்துக்கு வாய் கிடையாது, லேபிள்தான் அதற்கு வாய்."

2006 மே மாதம் ஸ்பெயின் நாட்டின் கார்தியா சிவில் போலீஸ் மத்ரித்தில் சோதனை நடத்தியது. ஆபரேஷன் புவெர்ட்டோ என்று பெயர். யூஃபெமியானோ ஃபுவென்டெஸ் என்ற மருத்துவர் கைதானார். அவருக்குத் தொடர்புள்ள இடங்களில் 200-க்கும் மேற்பட்ட இரத்தப் பைகளும் பிளாஸ்மாப் பைகளும் குளிர்பெட்டிகளில் இருந்தன. கொடுத்தவரின் உடம்புக்கே திரும்பப் போகவேண்டிய இரத்தம் அது. லேபிள்களில் எண்கள், சங்கேதப் பெயர்கள். "பிரில்லோ" என்று ஒன்று. அது இத்தாலிய வீரர் இவான் பாஸோவின் நாயின் பெயர் என்று பிறகு தெரிந்தது. 18-ஆம் எண் பையில் எழுதியிருந்தது "வால்வ். (பித்தி)". பித்தி என்பது வால்வெர்தே வளர்த்த நாயின் பெயர் என்று பத்திரிகைகள் எழுதின. மனிதர்கள் தாங்கள் செய்வதை மறைக்க நினைக்கும்போது ஏன் இப்படி வீட்டு நாயைப் போய்க் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நாய் என்ன பாவம் செய்தது?

இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்றால், பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பை இரத்தம் எடுத்துவிடுவார்கள். போன இரத்தத்தை உடம்பு தானே ஈடுசெய்துகொள்ளும். எடுத்து வைத்த பையைப் பந்தய நேரத்தில் திரும்ப ஏற்றினால், வழக்கத்தைவிடச் சிவப்பணுக்கள் கூடுதலாக ஓடும். கூடுதல் சிவப்பணு என்றால் தசைக்குக் கூடுதல் பிராணவாயு. மலை ஏறும்போது எல்லோருக்கும் தொடை எரிகிற இடத்தில் இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் தன் இரத்தத்தைத் தானே சேமித்து வைக்கிற நோயாளிகள் எங்களிடமும் உண்டு. செய்முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. சாதாரணமாக நாங்கள் 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள் வைப்போம். அதன்பின் அழித்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் தொழில்காரி என்ற முறையில் எனக்கு எப்போதும் ருசிக்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் அதில் டிஎன்ஏ இல்லை. மலை ஏற்றிவிடுகிற அந்தச் சிவப்பணுவுக்குத் தான் யாருடையது என்று தெரியாது. பையில் தப்பிக் கிடக்கிற கொஞ்சம் வெள்ளையணு இருக்கிறதே, யாருக்கும் வேண்டாத அது, அதற்குத்தான் முகவரி தெரியும்.

2008-இல் தம்பி எனக்கு டூர் டி பிரான்ஸ் பார்க்கக் கற்றுக்கொடுத்தான். அந்த வருடம் முதல் நாளே, ப்ளூமெலெக் என்ற ஊரின் மேட்டில், கடைசி இருநூறு மீட்டரில் ஒரு ஆள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, முன்னணியில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டையை வாங்கினார். அதுதான் நான் பார்த்த முதல் வால்வெர்தே. பட்டப்பெயர் "பாலா" என்று தம்பி சொன்னபோது சிரித்துவிட்டேன். ஸ்பானிய மொழியில் துப்பாக்கிக் குண்டு என்று பொருளாம். நம் ஊரில் தெருவுக்கு நான்கு பாலா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பாலாதான்.

அதே டூர் அந்த ஜூலையில் எல்லை தாண்டி இத்தாலிக்குள் போனது. பிராட்டோ நெவோசோ மலையில் ஒரு நாள் பந்தயம் முடிந்தது. அந்த நாட்களில் இத்தாலிய மண்ணில் வைத்து, இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டியின் ஊக்கமருந்துத் தடுப்பு ஆட்கள் வீரர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். பாலா கையை நீட்டினார். ஸ்பெயினில் அந்தப் பைகளை விளையாட்டு அமைப்புகளுக்குத் தரமாட்டோம் என்று நீதிபதி மறுத்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் 18-ஆம் எண் பையின் ஒரு மாதிரி பார்சலோனா ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியர்கள் கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டிஎன்ஏ ஒன்றாக இருந்தது.

2009 மே மாதம் இத்தாலி அவருக்கு இரண்டு வருடத் தடை விதித்தது, அந்த நாட்டில் மட்டும். அந்த வருட டூர் ஒரு நாள் இத்தாலி வழியாகப் போனதால் அதில் அவர் ஓட முடியவில்லை. அதற்குப் பதிலாக செப்டம்பரில் தன் நாட்டின் வுவெல்டாவை ஓடி, மூன்று வாரப் பந்தயத்தை முதல் முறையாக வென்றார். வேடிக்கையாக இல்லையா? ஒரு நாட்டில் குற்றவாளி, இன்னொரு நாட்டில் சாம்பியன், இரண்டும் ஒரே கோடைகாலத்தில். கடைசியில் 2010 மே 31 அன்று லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் உலகம் முழுவதற்குமாகத் தடையை நீட்டியது. 2010 ஜனவரி 1 முதல் இரண்டு வருடம். அந்த வருடம் அவர் வாங்கிய வெற்றிகள் போயின. அதற்கு முந்தையவை போகவில்லை. அவற்றையும் ரத்து செய்யவேண்டும் என்று சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் கேட்டதை மன்றம் ஏற்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட வெற்றிகள் ஊக்கமருந்தால் வந்தவை என்பதற்குச் சான்று இல்லை.

ஆக, பை பிடிபட்டது 2006 மே மாதம். அதற்கு முந்தின ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஃபிளெஷ் வலோனையும் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜையும் ஒரே வாரத்தில் வென்றிருந்தார். இரண்டும் இன்றும் அவர் பெயரில்தான் பட்டியலில் நிற்கின்றன. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். எனக்கு மட்டும் அந்த இரண்டு வரிகளைப் படிக்கும்போது தேதி முத்திரை இல்லாத பை ஞாபகம் வரும்.

இதையெல்லாம் சொன்னால் தம்பியின் பதில் எப்போதும் ஒன்றுதான். "அக்கா, அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள். அவனை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறாய்? தண்டனையை அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடினான். அதைப் பார்." அதையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் என் சங்கடம்.

2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் திரும்பி வந்த முதல் பந்தயத்திலேயே வில்லுங்கா மேட்டில் ஒரு நாள் வெற்றி. பிறகு ஃபிளெஷ் வலோனில் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு. 2006-ஐயும் சேர்த்தால் ஐந்து, அது சாதனை. அந்தப் பந்தயம் முடிவது உயி என்ற ஊரின் சுவர் போன்ற ஏற்றத்தில். ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான் நீளம். வழியெல்லாம் சின்னச் சின்ன ஜெப மாடங்கள், தார்ச்சாலையில் ஊர்ப் பெயரை வெள்ளையில் வரிசையாக எழுதியிருப்பார்கள். நடந்து ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் சரிவு. மற்றவர்கள் எல்லாம் அங்கே நெளிவார்கள், சைக்கிள் இடமும் வலமும் ஆடும், ஒருவர் முன்கூட்டியே பாய்ந்து அரைவழியில் செத்துப்போவார். பாலா மூன்றாவதாகவோ நான்காவதாகவோ உட்கார்ந்தே வருவார். தலை அசையாது. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று தெரிந்த ஆள் நடப்பதுபோல. கடைசி வளைவைத் தாண்டியதும், நூற்றைம்பது மீட்டர் இருக்கையில், எழுந்து நிற்பார். அவ்வளவுதான். மிச்சப்பேர் நிற்பதுபோல் தெரியும்.

தம்பி அந்தக் கடைசி நூற்றைம்பது மீட்டரை வெட்டித் தொகுத்து வைத்திருக்கிறான். கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் இந்த உத்தியைச் செய்துபார்ப்பான். வத்தலக்குண்டிலிருந்து ஏறி, பெருமாள்மலை வருவதற்கு முன்னால் எழுந்து நிற்பான். எழுந்து நிற்க மட்டும்தான் முடிகிறது.

2017 ஏப்ரல் 22 காலை, இத்தாலிய வீரர் மிக்கேலே ஸ்கார்ப்போனி தன் ஊரில் பயிற்சிக்குப் போனபோது வேன் மோதி இறந்தார். மறுநாள் லியேஜ் பந்தயம். பாலா வென்றார், நான்காவது முறை. கோட்டைத் தாண்டும்போது வானத்தைக் காட்டினார், முகம் கோணிக்கொண்டு அழுதார், பரிசுப் பணம் ஸ்கார்ப்போனி குடும்பத்துக்கு என்றார். அந்த அழுகையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஸ்கார்ப்போனியும் ஃபுவென்டெஸிடம் போனவர்தான். அவர் 2007-இல் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு தடையை வாங்கி, திரும்பி வந்து, எல்லோருக்கும் பிரியமானவராக ஓடிக்கொண்டிருந்தார். பாஸோவும் ஒரு மாதிரி ஒப்புக்கொண்டார், முயற்சி செய்தேன் என்கிற அளவில். பாலா வாயைத் திறக்கவே இல்லை. தான் தவறு செய்யவில்லை என்றார், பிறகு அதெல்லாம் முடிந்த கதை என்கிற இடத்துக்கு வந்து நின்றுகொண்டார்.

அதே 2017 ஜூலையில் டுசெல்டோர்ஃபில் டூரின் முதல் நாள், மழையில் வழுக்கித் தடுப்பில் மோதி முழங்கால் சில்லும் கணுக்கால் எலும்பும் உடைந்தன. வயது 37. இனி அவ்வளவுதான் என்றே நானும் நினைத்தேன். பதினைந்து மாதம் கழித்து, 2018 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக். குஃப்ஸ்டைனிலிருந்து 258 கிலோமீட்டர். கடைசியில் நரகம் என்றே பெயர் வைத்திருந்த ஓர் ஏற்றம், ஓரிடத்தில் 28 சதவீதச் சரிவு. வீரர்கள் சைக்கிளோடு பின்னால் சாய்ந்து விழுந்துவிடுவார்களோ என்று இருந்தது. அதைத் தாண்டி மூன்று பேர் வந்தார்கள்: பிரான்சின் பார்தே, கனடாவின் வுட்ஸ், நம் பாலா. கடைசிக் கிலோமீட்டர்களில் நெதர்லாந்தின் டுமுலான் தனியாகத் துரத்தி வந்து ஒட்டிக்கொண்டார். நான்கு பேர். பாலாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். அது ஜெயிப்பவனுக்கு ஆகாத இடம்; பின்னால் இருப்பவர்களுக்குத்தான் காற்று மறைப்பு. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மிக நீளமான தூரத்திலிருந்து, முன்னூறு மீட்டர் இருக்கும், பாய ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்களால் பக்கவாட்டுக்குக்கூட வர முடியவில்லை.

உலக சாம்பியன் போட்டியில் அதற்கு முன் இரண்டு வெள்ளி, நான்கு வெண்கலம். பதினைந்து வருடமாக மேடைக்கு ஏறி ஏறி, ஒவ்வொரு முறையும் இன்னொருவருக்கு வானவில் சட்டை மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். 38 வயதில் கிடைத்தது. மூன்று வருடமாக அந்தச் சட்டையை வைத்திருந்த பீட்டர் சகான் மேடைக்கு வந்து தன் கையால் பதக்கம் போட்டார். தம்பி போனில் கத்தினான். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பிறகு படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை. டேவிட் மில்லர் என்று ஒரு பிரிட்டிஷ் வீரர் ஞாபகத்துக்கு வந்தார். 2003-இல் தனிநபர் நேரப் போட்டியில் உலக சாம்பியன். 2004-இல் பிரெஞ்சுப் போலீஸ் அவர் வீட்டில் ஊசிகளைக் கண்டெடுத்தது. அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடத் தடை. வானவில் சட்டையைப் பிடுங்கி இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்தார்கள். இன்னும் ஒருவர் இருக்கிறார், ஹெசுஸ் மன்சானோ. கெல்மே அணியில் பாலாவோடு ஓடியவர். 2003 டூரில் மலைச்சாலையில் மயங்கி விழுந்தார். மறு வருடம் பத்திரிகையில் தன் அணியில் நடப்பதையெல்லாம் விவரமாகச் சொன்னார். புவெர்ட்டோ விசாரணைக்குத் திரி கிள்ளியதே அந்தப் பேச்சுதான். மன்சானோவுக்குப் பிறகு அந்த உலகத்தில் இடமில்லை. அவர் பெயரைச் சொன்னால் என் தம்பியே, "யார் அது?" என்கிறான். பேசியவருக்குச் சட்டை போயிற்று. இன்னொரு பேசியவருக்குப் பிழைப்பே போயிற்று. பேசாதவருக்கு 38 வயதில் சட்டை வந்தது. இது பாலாவின் குற்றமில்லை, கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த இரவில் எனக்கு அது தொண்டையில் நின்றது.

2018-இன் இரத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். தடை முடிந்து திரும்பியபின் அவர் மீது எதுவும் நிரூபணமாகவில்லை. பரிசோதிக்காத பைக்கு முடிவு எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்தது ஒரு பை. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. தன் இரத்தத்தைச் சேமித்து வைத்து, அறுவை தள்ளிப்போய், பையை மறந்துவிட்டுப் போகிற நோயாளிகள் எங்களிடம் உண்டு. 35-ஆம் நாள் நான் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதி, எதிரே "உரியவர் வரவில்லை" என்று குறிப்பேன்.

ஃபுவென்டெஸ் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம். 2006-இல் ஸ்பெயினில் ஊக்கமருந்து கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டமே கிடையாது. அதனால் பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று வழக்குப் போட்டார்கள். 2013-இல் ஒரு வருட ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. பைகளை அழித்துவிட உத்தரவு. 2016-இல் மேல்முறையீட்டில் அவரை விடுவித்தார்கள். பைகளை மட்டும் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளிடம் கொடுங்கள் என்றார்கள். அதற்குள் நடவடிக்கை எடுக்கும் காலம் கடந்துவிட்டது. பத்து வருடம் ஒரு குளிர்பெட்டியைக் காவல் காத்திருக்கிறார்கள். அங்கே மின்தடை வந்தபோது யார் எழுந்து ஓடினார்கள் என்று யோசிப்பேன். தொழில்புத்தி.

குளிர்பெட்டி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இதைத் தம்பியிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். அப்போது எங்கள் குளிர்பெட்டிக்கு வெளியே வட்டமான ஒரு காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு முள் அதன்மேல் உள்ளே இருக்கும் குளிரைச் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே வரும். வாரத்துக்கு ஒரு காகிதம். ஒரு காலை நான் வந்து பார்த்தபோது, நான்கு டிகிரியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு, முந்தின இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மேடு ஏறியிருந்தது. கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அலாரம் மணி கொஞ்ச நாளாகவே பழுது. பதினொரு பை அழிக்க வேண்டியதாயிற்று. இரவுப் பணியில் இருந்த அட்டெண்டருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த வருடச் சம்பள உயர்வு அவருக்கு நின்றது. பத்து மணிக்கு ஓர் அவசரப் பிரசவக் கேஸுக்காகப் பையை எடுத்துவிட்டுக் கதவைத் தள்ளியது நான். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று முதல் வாரம் இருந்தேன். பிறகு கேட்காமல் இருந்தால் நல்லது என்று இருந்தேன். பிறகு காகிதம் மாறியது, முள்ளும் போய்க் கணினி வந்தது.

அதனால் பாலா எப்படி அத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தார் என்று யாராவது ஆச்சரியப்பட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முதல் வாரம்தான் கஷ்டம்.

தம்பி இரண்டு மாதம் கழித்துத் தானாகவே வந்தான், மார்கழி பிறந்த மறுநாள், ஒன்றும் நடக்காததுபோல. 2025-இல் வால்வெர்தேவை ஸ்பெயின் தன் தேசிய அணியின் தேர்வாளராகவும் பயிற்றுநராகவும் ஆக்கியது. அந்தச் செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டிக்கு ஸ்பெயின் பையன்களை அவர்தான் அழைத்துப் போனார். "பார்த்தாயா அக்கா, அவன் நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது" என்றான் தம்பி. ஏற்றுக்கொள்ளட்டும். இருபத்துச் சொச்சம் வயதுப் பையன்கள் அவரிடம் மூர் தெ உயி ஏற்றத்தில் எப்போது எழுந்து நிற்கவேண்டும் என்று கேட்பார்கள். உலகத்தில் அதற்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அவர்களில் ஒருவன், ராத்திரி சாப்பாட்டு மேசையில், பித்தி என்றால் என்ன என்று கேட்டுவிட்டால்? அந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார எனக்கு ஆசை.

இதைத் தம்பி படிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அழகர்கோவில் சாலைக்கு என்னை அழைத்துப்போக வருவான். வந்ததும் பாலாவைப் பற்றிக் கேட்கமாட்டான், அந்த அட்டெண்டர் யார் என்றுதான் கேட்பான். அவனுக்கு அவரைத் தெரியும். நாங்கள் போகிற வழியில்தான் வீடு. ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. விடியற்காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும், "டயரில் காற்று கம்மியாக இருக்கிறது அம்மா, பார்த்துப் போங்கள்" என்பார். நான் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.